ஜாமீன் ஆணைக்குப் பிறகுதான் பாதி வேலை: ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவை குறித்து

தென் மாவட்டத் தலைநகர் ஒன்றில், ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்கு எதிர்ச்சந்தில் இயங்கும் ஒரு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. என் அக்கா மகன் ஓர் அடிதடி வழக்கில் கைதானபோது அவனுக்கு ஜாமீன் எடுக்கும் பொறுப்பை அந்த அலுவலகத்திடம் ஒப்படைத்தோம். வழக்கு இன்னும் முடியவில்லை என்பதாலும், குறையாகச் சொல்ல வேண்டியவை சில இருப்பதாலும், அலுவலகத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். மாவட்ட நீதிமன்றம் உள்ள எந்த ஊரிலும் இதே போன்ற அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஓர் இரவுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவருக்குப் பெயரைவிட, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே அதிகம் உதவும்.

கோயில் கொடையின்போது எழுந்த தகராறில் ஒருவருக்குத் தலையில் காயம். புகாரின் பேரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான பிரிவுடன், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 109-ஆம் பிரிவும், அதாவது கொலை முயற்சியும், சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஒரு பிரிவுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக மட்டும் இருந்திருந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 478-ஆம் பிரிவின்படி ஜாமீன் கேட்பது உரிமை. காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். கொலை முயற்சியில் காயமும் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமுண்டு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்திருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்குமானால், 480-ஆம் பிரிவு நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) கையைக் கட்டிவிடுகிறது. பெண்கள், சிறார், நோயாளிகள், உடல் நலிவுற்றோர் ஆகியோருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே இத்தகைய வழக்குகளில் நடுவர் நீதிமன்றம் ரிமாண்ட் செய்யும்; ஜாமீனுக்கு மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்துக்கு, 483-ஆம் பிரிவின் கீழ்ப் போக வேண்டும்.

இவ்வளவையும் முதல் சந்திப்பிலேயே, பயமுறுத்தாமலும் ஆசை காட்டாமலும், அந்த வழக்கறிஞர் எங்களுக்கு விளக்கினார். அதற்கு முன் நாங்கள் விசாரித்த வேறு ஓர் அலுவலகத்தில் ‘திங்கட்கிழமை மனு, புதன்கிழமை வீடு’ என்று கல்யாணத் தேதி குறிப்பதுபோல உறுதி கொடுத்தார்கள். இவர் கேட்ட முதல் கேள்வியோ, “அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்காரா, டிஸ்சார்ஜ் ஆயிட்டாரா?” என்பதுதான். அமர்வு நீதிமன்றத்தில் அடிதடி வழக்கின் ஜாமீன் மனு அழைக்கப்பட்டதும் நீதிபதி அரசு வழக்கறிஞரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பதும் இதையே. காயம்பட்டவர் உள்நோயாளியாக இருக்கும் வரை அரசுத் தரப்பு கடுமையாக ஆட்சேபிக்கும். மனு தள்ளுபடியாகும் வாய்ப்பு அதிகம். ஒரு முறை தள்ளுபடியானால் அடுத்த மனுவில் சூழ்நிலையில் என்ன மாற்றம் ஏற்பட்டிருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும். அதனால், குடும்பத்தின் கண்ணீருக்காக மறுநாளே மனுப் போட்டுத் தோற்பதைவிட, டிஸ்சார்ஜ் ஆனதை உறுதி செய்துகொண்டு போடுவது நல்லது என்றார். அக்காவுக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்த யோசனைதான் சரி.

காத்திருக்கும் நாட்களிலும் அவர் சும்மா இருக்கவில்லை. மனு தோற்றாலும் திறக்கக்கூடிய இன்னொரு கதவைப் பற்றி அப்போதே சொல்லிவைத்தார். பழைய சட்டத்தின் எண்ணைக் கொண்டு நீதிமன்ற வட்டாரத்தில் இன்றும் ‘167(2) பெயில்’ என்று சொல்லப்படும் அந்த உரிமை, இப்போதைய சட்டத்தில் 187(3)-இல் இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை ஆகியவற்றுக்குரிய குற்றமானால் 90 நாட்களுக்குள்ளும், பிற குற்றங்களானால் 60 நாட்களுக்குள்ளும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் வழக்கின் தன்மையைப் பாராமலே ஜாமீன் கொடுத்தாக வேண்டும். ரிமாண்ட் செய்யப்பட்ட நாளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்திவிட்டது. கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி இந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது என்ற தீர்ப்பு, மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றிலிருந்து மேல்முறையீடாகப் போய் 2020 ஜூனில் கிடைத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் அதில் ரத்து செய்தது. ஆனால் இந்த ஜாமீன் தானாக வந்து கதவைத் தட்டாது. கெடு முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன், கேட்டாக வேண்டும். அலுவலகச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவைத்திருந்தார்கள். அதே தாளில் வேறு மூன்று வழக்குகளின் வட்டங்களும் இருந்தன. ஓர் அலுவலகத்தின் ஒழுங்கைக் காட்ட அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மனு விசாரணையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இவ்வகைக் குற்றங்களில் அரசு வழக்கறிஞருக்கு அறிவிப்புக் கொடுக்காமல் ஜாமீன் வழங்க முடியாது என்பதால் முதல் அழைப்பில் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த அழைப்பில் காவல்துறையின் ஆட்சேபனை வந்தது. எதிர்த்தரப்பில் ஒரு வழக்கறிஞர், ஜாமீனை எதிர்க்கும் இடைமனுவுடன் எழுந்து நின்றார். எங்கள் வழக்கறிஞர் பேசியது சில நிமிடங்களே. முன்வழக்கு இல்லை, காயம்பட்டவர் வீடு திரும்பிவிட்டார், ஆயுதம் கைப்பற்றப்பட்டுவிட்டது, இனி காவலில் வைத்து விசாரிக்க எதுவும் மிச்சமில்லை என்பவையே அவருடைய வாதங்கள். திரைப்படத்தில் பார்ப்பதைப் போன்ற முழக்கத்தை எதிர்பார்த்து வந்திருந்த என் அத்தானுக்குச் சற்று ஏமாற்றந்தான். மாலையில் ஜாமீன் வழங்கப்பட்டதாகத் தகவல் வந்தது. நாங்கள் இனிப்பு வாங்கினோம். அலுவலகத்தில் யாரும் அதைத் தொடவில்லை. “பையன் வெளியே வரட்டும், அப்புறம் சாப்பிடுவோம்” என்றார் குமாஸ்தா.

இந்த மதிப்புரையை நான் எழுதுவதற்குக் காரணமே அந்தக் குமாஸ்தாதான். ஜாமீன் ஆணை கிடைப்பதற்கும் ஆள் வெளியே வருவதற்கும் இடையே உள்ள தூரத்தை முதன்முறையாக நீதிமன்றத்துக்கு வரும் குடும்பங்கள் அறிவதில்லை. அமர்வு நீதிமன்றத்தின் ஆணையில், பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும், சம்பந்தப்பட்ட நீதித்துறை நடுவர் திருப்தியடையும் வகையில் அளிக்க வேண்டும் என்று இருந்தது. அத்தான் அன்றிரவே முப்பதாயிரம் ரூபாயைப் புரட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது கட்டும் பணமன்று. குற்றம் சாட்டப்பட்டவர் தவணைதோறும் நீதிமன்றத்தில் ஆஜராவார், ஆஜராகாவிட்டால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியின் மதிப்பு அது. ஆள் தலைமறைவானால்தான் 491-ஆம் பிரிவின்படி பிணைத்தொகையைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கை தொடங்கும். அப்போது ஜாமீன்தாரரிடமிருந்து அது வசூலிக்கப்படும். நீதிமன்றம் அனுமதித்தால் பிணைப் பத்திரத்துக்குப் பதிலாக ரொக்கம் செலுத்த 490-ஆம் பிரிவு இடந்தருகிறது என்றாலும், வழக்கமாக நடப்பது ஆள் ஜாமீன்தான். அமெரிக்காவில் இருப்பதுபோல, தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் உரிமம் பெற்ற கடைகள் நம் நாட்டில் இல்லை. இங்கே பணம் இருந்தாலும் மனிதர் வேண்டும்.

அந்த இருவரைத் தேர்ந்தெடுப்பதில் குமாஸ்தா காட்டிய கவனத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத நிலையிலேயே, ஐந்து பேரின் ஆவணங்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, நடப்பு ஆண்டின் வீட்டு வரி ரசீது, புகைப்படம் ஆகியவற்றை வாங்கி, மேசையில் வரிசையாகப் பரப்பிவைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். என் சித்தப்பாவின் வீட்டு வரி ரசீது, இறந்து பல ஆண்டுகளான தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. அவரை உடனே ஒதுக்கிவிட்டார். இன்னொருவருக்கு ஆதாரில் பெயர் ‘ராஜ்’ என்று முடிய, ரசீதில் ‘ராஜன்’ என்று முடிந்தது. இருவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார். மூன்றாமவர் ஏற்கெனவே தம் மைத்துனருக்கு வேறொரு வழக்கில் ஜாமீன் நின்றிருந்தார். இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதை ஜாமீன்தாரர் உறுதிமொழியாகத் தெரிவிக்க வேண்டும் என்று 486-ஆம் பிரிவு சொல்வதால், மறைத்தால் அவருக்கும் சிக்கல், சொன்னால் நடுவர் ஏற்பாரா என்ற ஐயம். அவரையும் விட்டார். எஞ்சிய இருவரில் ஒருவர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர். மற்றவர் என் அண்ணன். ஆணை வந்த மறுநாள் காலை, நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே இருவரும் சட்டைப் பையில் புகைப்படத்துடன் நடுவர் நீதிமன்ற வாசலில் நின்றார்கள்.

“ஆர்டர் வாங்கறது வக்கீல் சார் வேலை, தம்பி. ஆளை வெளியே கொண்டுவர்றது இந்த ரெண்டு பேரோட வீட்டு வரி ரசீது” என்று அவர் என்னிடம் சொன்னது மிகையன்று. அதே நாளில் அதே நடுவர் முன்பு வேறொரு குடும்பம் கொண்டுவந்த ஜாமீன்தாரரின் ரசீது சென்ற ஆண்டினுடையதாக இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார், அது வெள்ளிக்கிழமை. அவர்கள் வீட்டுப் பிள்ளை ஜாமீன் பெற்ற பிறகும் சனி, ஞாயிறு இரண்டு நாட்களைச் சிறையில் கழித்திருப்பான். வளாகத்தின் வேப்பமரத்தடியில் இதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள் என்றும், ஒரு தொகை கொடுத்தால் முன்பின் தெரியாதவருக்கும் பிணை நிற்பார்கள் என்றும் ஒருவர் எங்கள் காதில் ஓதினார். குமாஸ்தா அதைக் கேட்டதும் முகம் சுளித்தார். போலி ரசீதுடன் வாடகைக்கு வரும் ஜாமீன்தாரர் பிடிபட்டால் அவர்மீது வழக்குப் பாயும். ஜாமீன் பெற்றவரின் நிலையும் கெடும். உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் ஆணைகளில், ஜாமீன்தாரர் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், அடையாளத்துக்கு ஆதார் அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலை நடுவர் பெற்றுக்கொள்ளலாம் என்ற வரிகள் தவறாமல் இடம்பெறுவதற்கு இந்த வியாபாரந்தான் காரணம்.

இந்த நடைமுறை ஏழைகளை எப்படிப் பிழிகிறது என்பதை உச்ச நீதிமன்றம் அறியாமல் இல்லை. 1978-இல் மோத்தி ராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாரின் வழக்கு அங்கே போயிற்று. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நடுவர், மோத்தி ராமின் சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர், சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரை ஏற்க மறுத்திருந்தார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், ஒரு தமிழனோ மலையாளியோ சாந்தினி சௌக்கிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்ற பொருள்படக் கேட்டு, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணையிலேயே அவரை விடுவிக்கச் சொன்னார். 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் இன்னும் நுணுக்கமானவை. ஜாமீன் ஆணையின் மின்நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் ஆள் விடுவிக்கப்படாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் அளிக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதால் அதைத் தவிர்க்கலாம். 2024 ஆகஸ்டில் வந்த கிரீஷ் காந்தி தீர்ப்பு, பல மாநிலங்களில் பல வழக்குகளில் ஜாமீன் கிடைத்தும் வழக்குக்கு வழக்கு புதுப்புது ஜாமீன்தாரர்களைத் தேட முடியாமல் உள்ளேயே கிடந்த ஒருவருக்கு, ஒரே ஜாமீன்தாரர்கள் ஒரு மாநிலத்தின் எல்லா வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று அனுமதித்தது.

இந்தத் தீர்ப்புகளை எங்கள் வழக்கறிஞர் அறிந்தே இருந்தார். ‘அதைக் காட்டி வாதாடலாம், ஆனால் வீட்டு வரி ரசீது கையில் இருக்கும்போது வாதம் எதற்கு?’ என்பது அவருடைய நிலை. இது எனக்கு முழு உடன்பாடில்லை. சொந்த வீடில்லாத குடும்பத்துக்கு இந்த அலுவலகம் என்ன செய்யும் என்று கேட்டபோது, ‘யாராவது கிடைப்பார்கள்’ என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. பிணைத்தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று 484-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறைக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் அமர்வு நீதிமன்றத்துக்கும் இருக்கிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவருக்காக ஒரு மனுப்போட்டு நிபந்தனையை மாற்றக் கேட்பதும் ஜாமீன் வேலையின் பகுதிதான். அந்தப் பகுதியில் இந்த அலுவலகம் தேறாது.

ஜாமீன்தாரர்களை நடுவர் ஏற்றுக்கொண்டு விடுதலை உத்தரவில் கையெழுத்திட்டபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சிறையில் கைதிகளை அறைகளில் அடைக்கும் மாலை லாக்கப் முடிந்துவிட்டால் அன்றைக்கு விடுவிக்க மாட்டார்கள். உத்தரவைக் கண்ணில் கண்டதும் குமாஸ்தா எங்களை நேராகச் சிறை வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு, உத்தரவில் உள்ள குற்ற எண்ணும் தந்தை பெயரும் ரிமாண்ட் வாரண்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். ஓரெழுத்து மாறினாலும் சிறை அலுவலகம் திருத்தம் கேட்கும் என்பது அவருடைய அனுபவம். அன்று மாலையே பையன் வெளியே வந்தான்.

இனிக் குறைகள். முதலாவது, நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லாதது. மறு உத்தரவு வரும் வரை நாள்தோறும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று ஆணையில் இருந்தது. ‘கண்டிஷன் கையெழுத்து போடணும்’ என்று மட்டும் அலுவலகத்தில் சொன்னார்கள். வெளியே வந்த மறுநாளிலிருந்தே போட வேண்டும் என்பதையும், ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கில்லை என்பதையும், வேலைக்குப் போக முடியாமல் போகும் என்பதையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஆணையின் நகலும் எங்கள் கைக்கு உடனே வரவில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு நானே தேடிப் படித்த பிறகுதான் பத்தரை மணி என்பதே தெரிந்தது. நிபந்தனையை மீறினால் ஜாமீன் ரத்தாகலாம். தலைமறைவாகி நீதிமன்றத்தில் ஆஜராகாமல் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-ஆம் பிரிவின்படி அதுவே ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றமாகிவிடும். இவ்வளவு பெரிய விளைவுள்ள ஒன்றை வாய்வார்த்தையாக விடுவது சரியன்று. ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது, பணம். வழக்கறிஞர் கட்டணமாக முதலிலேயே ஒரு தொகை பேசி முடித்தார்கள். மாவட்ட அளவில் அது அதிகமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அமர்வு நீதிமன்ற மனுவுக்கு மட்டுமே என்பதும், ஜாமீன்தாரர்களை நிறுத்துவதற்குத் தனி, நகல் மனுவுக்குத் தனி, பிறகு கையெழுத்து நிபந்தனையைத் தளர்த்தப் போடும் மனுவுக்குத் தனி என்பதும் ஒவ்வொன்றாகவே தெரியவந்தன. இவற்றுக்கு இடையில் ‘சில்லறைச் செலவு’ என்று ஒரு தலைப்பு வேறு. எதற்கு என்று கேட்டால் சிரிப்புதான் பதிலாக வந்தது. எதற்கும் ரசீது கிடையாது. குமாஸ்தாவின் உழைப்புக்குக் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மொத்தக் கட்டணத்தில் மிக நியாயமான பகுதி அதுவே. விளக்கமில்லாத செலவுதான் உறுத்துகிறது. உள்ளே பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தே அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது குறை சிறியது. ஆணை கிடைக்கும் வரை தொலைபேசியை எடுத்த வழக்கறிஞர், அதன் பிறகு எடுப்பதில்லை.

எந்த மாதிரியான வழக்குக்கு இந்த அலுவலகம் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். அடிதடி, திருட்டு, சொத்துத் தகராறு, வாகன விபத்து போன்ற, மாவட்ட நீதிமன்ற அளவில் முடியக்கூடிய ஜாமீனுக்கு இது நல்ல இடம். முன்ஜாமீனுக்கும் போகலாம், அதிலும் ஆணை கிடைத்த பிறகு குறித்த கெடுவுக்குள் நடுவர் முன் சரணடைந்து இரண்டு நபர் ஜாமீன் கொடுக்க வேண்டியிருப்பதால் குமாஸ்தாவின் திறமை அங்கேயும் கைகொடுக்கும். போதைப்பொருள் வழக்குகளில் வணிக அளவு பிடிபட்டிருந்தால் அதற்கான சட்டத்தின் 37-ஆம் பிரிவும், பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 45-ஆம் பிரிவும், குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றமே திருப்தியடைய வேண்டும் என்று கேட்கின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் முன்ஜாமீனுக்கே 18-ஆம் பிரிவு தடை போடுகிறது. அவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் பழகிய வழக்கறிஞர் வேண்டும் என்று இந்த அலுவலகமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஆணைக்குப் பிந்தைய சடங்கு எந்த உயரத்திலும் மாறுவதில்லை. 2023 ஜூனில் அமலாக்கத் துறையால் கைதான செந்தில் பாலாஜிக்கு 2024 செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியபோதும், 25 லட்சம் ரூபாய்க்கான பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீன், திங்களும் வெள்ளியும் அமலாக்கத் துறை அலுவலகத்தில் கையெழுத்து என்றுதான் நிபந்தனை இருந்தது. தொகையில் மட்டுமே வேறுபாடு.

கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் இத்தகைய அலுவலகத்தைத் தேட வேண்டியதே இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, காவலில் இருக்கும் எவரும் வருமான வரம்பைப் பாராமல் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அவ்வாறே. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாகவும், அவர்மீது வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவராகவும் இல்லாத வரை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவின் கீழ் விடுவிக்கச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். ஜாமீன் கிடைத்தும் பணமில்லாததால் வெளியே வர முடியாத கைதிகளுக்காக மத்திய அரசு 2023-இல் தொடங்கிய திட்டத்தில், மாவட்டக் குழுவின் பரிந்துரையின் பேரில் பிணைத்தொகைக்கு உதவி உண்டு; பணமோசடி, போதைப்பொருள், ஊழல் வழக்குகள் அதில் சேரா.

அந்த அலுவலகத்துக்கு நான் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மூன்று மதிப்பெண் குமாஸ்தாவின் மேசைக்கும் சிவப்பு வட்டமிட்ட நாட்காட்டிக்கும். அரை மதிப்பெண், ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்ட அந்த முதல் கேள்விக்கு. இதே அலுவலகத்துக்கோ வேறு எதற்கோ போகிறவர்கள், வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், பேசிய கட்டணத்தில் ஜாமீன்தாரர்களை நிறுத்துவதும் நிபந்தனைத் தளர்வு மனுவும் அடக்கமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.